பனிமலையில் ஒட்டவைத்த கணவன்

எனக்கு நடந்தது நிஜக் கல்யாணம்தான் என்று ஓர் அரசாங்கத்தை நம்பவைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்தத் தாமதத்துக்கு முழுக் காரணம் என் ரசனைதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

சுந்தருக்கு வெளிநாட்டில் வேலை. (எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். மறுபடியும் விசா கேட்க வேண்டி வந்தால்?) பதினெட்டு நாள் லீவில் மயிலாப்பூர் வந்தான், தாலி கட்டினான், விமானம் ஏறினான். மனைவிக்கான விசா கிடைத்ததும் நான் போய்ச் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. அதுவரை மாமனார் வீட்டில் வாசம். கல்யாண ஆல்பத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். அதுதான் வினை.

தாலி கட்டும் படத்தில் எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். வீடியோக்காரரின் முதுகு மிகத் தெளிவாக விழுந்திருந்தது. ரிசப்ஷன் படங்களிலோ, இரண்டு முழம் இடைவெளி விட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றிருந்தோம். மேற்கு மாம்பலம் ஸ்டூடியோக்காரர் ஆறுதல் சொன்னார்.

"இன்னாத்துக்கு மேடம் ஃபீல் பண்றீங்க? நீங்க பட்டுப்புடவை கட்டிக்கினு வந்து நில்லுங்க. சாரை ரிசப்ஷன் போட்டோலேர்ந்து வெட்டிப் பக்கத்துல ஒட்டிர்லாம். பேக்கிரவுண்டுக்கு சுவிஸ் கீது, பாரிஸ் கீது. இன்னா வோணும்?"

"ரெண்டும்" என்றேன்.

ஆல்பம் வந்தது. அரக்குப் பட்டில், தலை நிறைய மல்லிகையுடன், முழங்கால் அளவு பனியில் நான். பக்கத்தில் சுந்தர். அவன் கை மட்டும் என் தோளுக்கு ஓர் அங்குலம் மேலே மிதந்துகொண்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமனாருக்கும்தான். அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்த்தே ஓய்வு பெற்றவர் அவர். விசா ஃபைலில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டி, "ஆல்பத்தை மேலாப்ல வைம்மா. பாத்த உடனே அவாளுக்குப் புரியணும்" என்றார்.

அவர்களுக்கும் புரிந்தது. நேர்காணல் ஆங்கிலத்தில் நடந்தது. அவமானத்தைத் தமிழில் தருகிறேன்.

"வெளிநாடு போனதே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி.

"ஆமாம்."

"இது சுவிட்சர்லாந்து இல்லையா?"

"இல்லை சார், மேற்கு மாம்பலம்."

அவர் பனியை இன்னொரு முறை பார்த்தார். "பக்கத்தில் இருப்பது உங்கள் கணவர்தானே?"

புத்தியுள்ளவள் 'ஆமாம்' என்று நிறுத்தியிருப்பாள். நானோ தி.நகர் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். பாதி விடைக்குப் பாதி மார்க்தான் என்று தினமும் பிள்ளைகளை மிரட்டுகிறவள்.

"அவர்தான். ஆனால் அன்றைக்கு அவர் அங்கே இல்லை. பிறகு ஒட்டினோம்."

அவர் எழுத ஆரம்பித்தார். வெகுநேரம் எழுதினார்.

உறவு உண்மையானது என்று நம்பப் போதிய காரணம் இல்லை என்று கடிதம் வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அறுநூறு பேர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட கல்யாணம்! பாயசத்தில் குறை கண்டவர்கள்கூட உறவில் குறை காணவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. என் சித்தி பெண் கொட்டிவாக்கம் கடற்கரையில், தலைக்கு மேல் டிரோன் பறக்க, புருஷனைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டாள். மூன்றே வாரத்தில் விசா. (இப்போது இருவரும் வக்கீல் மூலம்தான் பேசிக்கொள்கிறார்கள்.)

மாதங்கள் ஓடின. வீடியோ கால் போட்டால் படம் உறைந்துபோகும்; சுந்தரின் குரல் மட்டுமே எனக்குக் கணவனாக இருந்தது. அவன் முகம் மறந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

மறுபடி விண்ணப்பித்தபோது மாமனார், "ரெண்டு பேரும் அனுப்பிண்ட மெசேஜை எல்லாம் பிரிண்ட் எடு" என்றார்.

"எல்லாமாப்பா?"

"பாதி ஃபைல் காட்டினா சந்தேகம் வரும்மா."

எடுத்தேன். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவும் அவரே உட்கார்ந்தார். வீட்டில் அவர் மகனை 'அவர்' என்று மரியாதையாகக் குறிப்பிடும் நல்ல மருமகள் நான். மெசேஜில் பக்கத்துக்கு நாலு தடவை 'லூசு'. மாமனாரோ 'லூசு' வந்த இடத்தில் எல்லாம் 'மனநிலை சீரற்ற நபர்' என்று பொறுமையாக ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு பக்கத்தில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார்.

இந்த முறை இருந்தது ஒரு பெண் அதிகாரி. நேராக அந்த மஞ்சள் சீட்டுப் பக்கத்தைத் திறந்தார். முதல் மெசேஜ் சுந்தருடையது:

"உன்னை யாரு சுவிஸ்ல போய் நிக்கச் சொன்னா?"

"நீ இங்க இருந்திருந்தா நான் ஏன் ஒட்டறேன்? கட்டிட்டு ஓடினவன்தானே நீ."

"ஓடல. லீவு முடிஞ்சுது."

"போடா லூசு. இனிமே பேசாதே."

அடுத்த நிமிடமே என்னிடமிருந்து இன்னொன்று: "சாப்டியா?"

"பேசாதே என்கிறீர்கள், உடனே சாப்பாட்டை ஏன் கேட்கிறீர்கள்?" என்றார் அதிகாரி.

"சண்டை போட்டால் சாப்பிடாமல் படுத்துவிடுவான், மேடம்" என்றேன். அவர் ஆல்பத்தைக் கேட்கவே இல்லை. பத்தாம் நாள் விசா வந்தது.

நாலு வருஷம் அங்கே இருந்துவிட்டு, இப்போது கோட்டூர்புரத்தில் மாமனாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். சண்டைக்குக் குறைவில்லை. குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் போதும், ஹாலிலிருந்து மாமனார் சத்தம் கொடுப்பார்:

"சும்மா கத்தி வீணாக்காதீங்கோ. எழுதித் தேதி போட்டு வைங்கோ, அடுத்த விசாவுக்கு ஆகும்!"