காதால் படம் பார்த்த விமர்சகர்

ஒரு விஷயத்தைப் பற்றி அடித்துப் பேச வேண்டுமானால், அதைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தவர்கள் ‘எனக்குப் பட்டவரையில்’ என்று இழுப்பார்கள். ‘ஒருவேளை’ என்று தயங்குவார்கள். தெரியாதவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனைப் பகுதியின் தலைசிறந்த சினிமா விமர்சகனாக நான் விளங்கியது இப்படித்தான். (‘தலைசிறந்த’ என்பது நானே எனக்குச் சூட்டிக்கொண்டது. போட்டிக்கு வேறு ஆளில்லாதபடியால் மறுப்பும் வரவில்லை.)

அந்தக் காலத்தில் நான் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை.

வாப்பா எங்கள் பள்ளிவாசல் மரைக்கார்மாரில் ஒருவர். எங்கள் குடியின் சார்பில் நிருவாகத்தில் உட்காருபவர். மரைக்காரின் மகன் தியேட்டர் வாசலில் நின்றான் என்ற செய்தி, மகன் வீடு வந்து சேருமுன் வந்து சேர்ந்துவிடும். ஆகவே அந்தத் தெருவால் போகும்போது சுவரொட்டியைக்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டேன். சைக்கிளின் முன்சில்லைப் பார்த்தபடியே மிதிப்பேன்.

ஆனால் வானொலிக்குத் தடை இருக்கவில்லை. வாப்பாவுக்குச் செய்தி வேண்டும். செய்தி வருகிற அதே பெட்டியில்தான் ஒலிச்சித்திரமும் வந்தது. ஒரு திரைப்படத்தின் சத்தத்தை மட்டும் உருவி எடுத்து, நடுநடுவே விளம்பரம் சொருகி ஒலிபரப்புவார்கள். “படம்தான் ஹராம், சத்தத்தில என்ன கிடக்கு?” என்பது வாப்பாவின் தீர்ப்பு. உம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பா, அழ வேண்டிய இடத்தில் சுளகை வைத்துவிட்டு அழுவா. நான் பக்கத்தில் இருந்து மனப்பாடம் செய்வேன். அதே படங்கள் திரும்பத் திரும்ப வந்ததால் அது ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை. நடிகர்களின் பெயர்களை வாசிக்கும் ஆரம்பப் பகுதி மட்டும் எப்போதும் தவறிப்போகும். அது மஃரிப் தொழுகை நேரம், பெட்டி மூடியிருக்கும். யார் யாராக நடித்தார்கள் போன்ற சில்லறைத் தகவல்கள் இல்லாமலே நான் விமர்சகனாக வளர்ந்தேன்.

பாடசாலையில் சமூகக்கல்வி படிப்பித்துக்கொண்டு, எங்கள் வாசிகசாலை கையால் உருட்டிப் பிரதி எடுத்து வெளியிட்ட ரோனியோ சஞ்சிகையில் எழுதினேன். புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ஒருவரைச் சோம்பேறி என்று சாடினேன். பின்னே என்ன? அவர் வரும் இடங்களிலெல்லாம் நீண்ட மௌனம், பிறகு பாத்திரங்கள் உருளும் சத்தம், திரும்பவும் மௌனம். ‘வாயைத் திறப்பதற்குக்கூட இவருக்குப் பஞ்சியாக இருக்கிறது’ என்று எழுதினேன். காதலர்கள் சந்திக்கும் இடத்தில் பேச விடாமல் வயலின்களை அவிழ்த்துவிடும் இசையமைப்பாளர்களைக் கண்டித்தேன். புத்தகங்களையும் விடவில்லை. நாவலாசிரியர்கள் வர்ணனைகளை ஒழிக்க வேண்டும் என்றேன். வானம் சிவந்தால் யாராவது ஒரு பாத்திரம் அதை வாயால் சொல்லட்டுமே! ஊருக்குத் தொலைக்காட்சி வந்தபோது, அடுத்த வீட்டு வேலிக்கு இப்பால் நின்று அதன் இசையையும் மதிப்பிட்டேன். ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று போட்டுவிட்டு வாசிக்கும் வீணை, நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும்விடத் தரமானது என்று எழுதினேன். (இந்த ஒரு கருத்தை மாற்றிக்கொள்ள இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.)

எல்லாவற்றுக்கும் மகுடம், அண்ணன் தம்பிப் படம் ஒன்றைப் பற்றிய கட்டுரை. சிறுவயதில் பிரிந்த சகோதரர்கள். ஒருவனுக்குக் கரகரத்த குரல், மற்றவனுக்கு மெல்லிய குரல். ‘தம்பியாக நடித்தவர், அண்ணனாக நடித்தவரிடம் போய்ச் சிறிது காலம் நடிப்புப் பயில வேண்டும்’ என்று முடித்திருந்தேன். வாசிகசாலையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “அடேயப்பா, என்ன குத்து!” என்று முதுகில் தட்டினார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. பாராட்டுக்கு விளக்கம் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டுரையால்தான் கல்யாணப் பேச்சு வந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை போய்ப் பெண் வீட்டில் வாழ வேண்டும். என்னைக் கேட்டு வந்தது மருதமுனையில் கைத்தறிப் புடைவை வியாபாரம் செய்த ஒரு ஹாஜியார் வீடு. மகள் ஜெஸீமா. அவளை நான் பஸ் நிலையத்தில் ஒரு தரம், குடைக்குக் கீழே, பாதி முகம் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதிக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன். அவளோ என் எழுத்துகளை ஒன்றுவிடாமல் வாசிப்பவள். இதைச் சொன்னவர் அவளுடைய அண்ணன், அவள் ‘காக்கா’ என்று கூப்பிடும் அன்சார், சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தவர்.

“தங்கச்சிக்கு உங்கட எழுத்தெண்டா உசிரு, சேர். வாப்பாதான் இன்னும் ஓமெண்டு சொல்லாம இரிக்காரு. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வீட்ட வாங்க. சாப்பிட்டுப்போட்டு ஒரு படம் பார்ப்பம். டிவியும் வீடியோ டெக்கும் கொண்டந்திரிக்கன்.”

என்னை எடைபோடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. எனக்குப் பயமே வரவில்லை. சினிமா என் கோட்டையல்லவா?

ஹாஜியார், அன்சார், நான் மூவரும் ஒரே சஹனைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம். பொதுத் தட்டில் சாப்பிடும்போது யார் எவ்வளவு அள்ளுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் மாப்பிள்ளைக்குரிய அளவில், அதாவது பட்டினியாக எழும்பினேன். பிறகு மண்டபத்தில் உட்கார்ந்தோம். உள்ளறைக் கதவில் திரைச்சீலை. அதற்குப் பின்னால் மாமி, ஜெஸீமா, இன்னும் எத்தனையோ வளையல்கள். ஹாஜியார் சாய்கதிரையில் தஸ்பீஹை உருட்டியபடி கண்களை மூடிக்கொண்டார். முழுவதும் மூடினாரா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

அன்சார் கசட்டைத் தூக்கிக் காட்டினார். “உங்கட அண்ணன் தம்பிப் படம்தான் சேர்! கன தரம் பார்த்திரிப்பீங்க?”

“கணக்கில்ல,” என்றேன்.

படம் வந்தது. சத்தம் வரவில்லை. ‘உஸ்’ என்ற இரைச்சல் மட்டும். அன்சார் எல்லாக் குமிழ்களையும் திருகினார், பெட்டியின் தலையில் தட்டினார், சவூதியில் விற்றவனின் பரம்பரையைத் திட்டினார். திரையில் மனிதர்கள் மீன்களைப் போல வாயைத் திறந்து மூடினார்கள்.

அப்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மாமி சொன்னா: “சேருக்கு வசனமெல்லாம் பாடமெண்டாங்களே. அவரச் சொல்லச் சொல்லுங்களன், மனே!”

அல்லாஹ்வே! வாழ்நாள் முழுவதும் படங்களைக் கேட்டு மட்டுமே பழகியவன் முன்னால், பார்க்க மட்டுமே முடிகிற ஒரு படம். வசனம் முழுவதும் என்னிடம் இருந்தது. எந்த வசனம் எந்த முகத்துக்கு என்பதுதான் தெரியாது.

பெரிய மீசையுடன் ஒருவர் வந்தார். கரகரத்த குரல் இந்த மீசையிலிருந்துதான் வரமுடியும் என்று முடிவுசெய்து, அண்ணனின் வசனத்தை முழங்கினேன். பரம்பரைச் சொத்தைப் பற்றிக் கர்ஜித்துக்கொண்டிருந்த அந்த மனிதர், கார்க் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். சாரதி!

“இவர் ஏன் கதவத் திறக்காரு?” என்றது ஒரு வளையல்.

“வேஷம். மாறுவேஷம்,” என்றேன்.

காரிலிருந்து மெல்லிய மீசைக்காரர் ஒருவர் இறங்கி, கருகருவென்ற கூந்தல் உள்ள அழகான பெண் ஒருத்தியிடம் போனார். சரி, காதல் காட்சி. குரலைக் குழைத்து, “உன்னைக் காணாத நாளெல்லாம் எனக்கு நாளே இல்லை” என்று தொடங்கினேன். நன்றாகத்தான் போனது. அந்தப் பெண் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, தட்டில் சோறு போட்டாள்.

திரைச்சீலைக்குப் பின்னால் மாமியின் குரல்: “அஸ்தஃபிருல்லாஹ்! அது தாய்க்காரியெல்லா?”

நல்லவேளை, பானை சட்டிகளோடு ஒருவர் வந்தார், பாத்திரம் உருட்டும் நகைச்சுவை நடிகர் இவர்தான் என்று பிடித்துக்கொண்டேன். அவருக்கு வசனம் இல்லை என்பது எனக்குத் தெரியும், சற்று மூச்சுவிட்டேன். அவர் ஒரு பானை அடுக்கைத் தூக்கிக்கொண்டு, அதிலிருந்து ஒரு பானை நழுவுவதைக் கவனிக்காதவர் போலக் கவனித்துக்கொண்டு, கண்ணால் மட்டும் அதைக் கெஞ்சிக்கொண்டு, சுவரோரமாக நடந்தார். நான் சோம்பேறி என்று எழுதிய மனிதர்! எனக்குச் சிரிப்பு வெடித்தது. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, இருமி இருமிச் சிரித்தேன்.

“கணக்கில்லாமப் பார்த்தும் இப்பிடிச் சிரிப்பு வருதே சேர்!” என்றார் அன்சார். அவர் குரலில் மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது.

அடுத்த காட்சியில் அந்த மெல்லிய மீசைக்காரர் மீசையில்லாமல் வந்தார். மழித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்போது கதவைத் திறந்துகொண்டு அவரே மீசையோடும் உள்ளே வந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று வாயைத் திறந்தார்கள். என் வாய் மூடிவிட்டது. பிறகு, மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறந்தது:

“ரெண்டு பேரும் ஒராளா!”

அன்சார் மெதுவாகத் திரும்பினார். “ஓம் சேர். ரெட்ட வேஷம். தம்பி அண்ணனிட்டப் போய் நடிப்புப் படிக்கணுமெண்டு நீங்கதானே பகிடியா எழுதினீங்க?”

வாசிகசாலைச் சிரிப்பின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. விட்ட இடத்தைப் பிடித்துத் தப்ப வேண்டும் என்ற பதற்றத்தில், தாய் இறக்கும் காட்சிக்குப் பாய்ந்தேன். உம்மா சுளகை வைக்கும் இடம். அதில் நான் தவறியதே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வானொலி முன்னால் இருப்பது போல வசனம் தானாக ஓடிவந்தது.

“மகனே... உன் தம்பியைக் கைவிடாதே... என் கண்கள் இருள்கின்றனவே... மகனே... மகனே... தலையிடியா? கவலையை விடுங்கள்! ஒரு துளி தடவினால் போதும், பஞ்சாய்ப் பறக்கும்!”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலும் விழுந்தது. ஒலிச்சித்திரத்தில் தாய் இறந்த மறுகணம் வருவது தலைவலித் தைல விளம்பரம். அது என் மூளையில் படத்தோடு ஒட்டிப்போயிருந்தது. மெட்டோடு வேறு சொல்லியிருந்தேன்.

திரைச்சீலைக்குப் பின்னால் வளையல்கள் சிதறி விழுவது போலச் சிரிப்பு. அது அடங்கியதும் தெளிவான ஒரு குரல்:

“காக்கா, சேர் இந்தப் படத்தப் பார்க்கல்ல. ரேடியோவில கேட்டிரிக்காரு.”

ஜெஸீமாவின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அப்போதுதான். குரல்களை மதிப்பிட எனக்குத் தகுதி உண்டு. நிதானம், தெளிவு, குத்த வேண்டிய இடத்தில் குத்து. எல்லாம் இருந்தன.

எழும்பி ஓடிவிடலாமா என்று செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்தேன். சாய்கதிரை கிறீச்சிட்டது. ஹாஜியார் கண்களை நன்றாகவே திறந்திருந்தார்.

“தம்பி, நீங்க தியேட்டருக்குப் போனதே இல்லியா?”

“இல்ல மாமா.”

“ஒரு நாளும்?”

“வல்லாஹி, இல்ல மாமா.”

அவர் முகம் நோன்புப் பெருநாள் பிறை கண்டது போல மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ்! மரைக்கார்ட மகன் படம் படமா எழுதித் தள்ளுறாரு, இந்தப் படப் பைத்தியத்துக்கா புள்ளயக் குடுக்கிற எண்டு எனக்கு இத்தின நாளா நித்திரையில்ல. டேய் அன்சார், அந்தச் சனியன நூர்ரா, நிப்பாட்டு! பொறகு மரைக்கார் வீட்ட போய் நாள் கேப்பம்.”

ஹாஜியாருக்கு நான் பத்தரைமாற்று மாப்பிள்ளையாகிவிட்டேன். ஆனால் வாழப்போகிறவள் ஹாஜியாரில்லை. அவள் காதலித்தது அந்த இரட்டை வேஷக் குத்தலை எழுதிய மேதையை. அந்த மேதை பிறக்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வெள்ளி வரை நான் சாப்பிட்டதெல்லாம் மண்ணாக இருந்தது. பிறகு அன்சார் வந்தார். ‘சேர்’ போய் ‘மச்சான்’ வந்திருந்தது.

“மச்சான், தங்கச்சிக்கு ஓம்தான். ஆனா ஒரு கதை சொல்லச் சொன்னா. இனிப் பார்க்காம எழுதப்படாதாம். பார்க்கிறதெண்டா அவவையும் கூட்டிப்போகணுமாம்.”

அன்றோடு ரோனியோ சஞ்சிகைக்கு விமர்சகர் இல்லாமல் போனார். (சஞ்சிகை அதற்குப் பிறகுதான் நன்றாக ஓடியது என்று ஒரு வதந்தி உண்டு.) கல்யாணம் முடிந்து, தெரிந்த முகம் இல்லாத தூரத்துக்கு, மட்டக்களப்புக்குப் போய், இருவரும் முதற்படம் பார்த்தோம். படம் ஓடத் தொடங்கியதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்கள் குறுக்கும் மறுக்கும் நடந்து வசனத்தைக் குழப்பினார்கள். மெல்லக் கண்ணை மூடினேன், எல்லாம் தெளிவானது. ஜெஸீமா விலாவில் இடித்தா.

இன்று கைக்குள் படம் ஓடுகிறது. முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் கிழிக்கிறார்கள், அட்டையைப் பார்த்துவிட்டு நாவலைப் புதைக்கிறார்கள். என் முன்னோடிப் பணியை எவரும் நினைவுகூருவதில்லை. வீட்டில் மட்டும் நினைவிருக்கிறது. புதிய படமோ புத்தகமோ, ஒரு பாட்டுப் போட்டியோ, எதைப் பற்றியாவது நான் தொண்டையைச் செருமிக்கொண்டு “என்னைக் கேட்டால்...” என்று தொடங்கினால் போதும், ஜெஸீமா திரும்பிக்கூடப் பார்க்காமல், “தலையிடியா?” என்பா. பிள்ளைகள், மருமக்கள், போன பெருநாளுக்கு வந்திருந்த சம்பந்தி உட்பட, எல்லோரும் மெட்டோடு சேர்ந்துகொள்வார்கள்: “கவலையை விடுங்கள்!”

நான் கோபிப்பதில்லை. அன்று அந்த மண்டபத்தில் நான் பிழையில்லாமல் சொன்ன ஒரே வசனம் அதுதான்.