அலமாரி வைத்த கறை

"கடன் கிடையாதா? நான் யாருக்கு சார் பாக்கி வெச்சிருக்கேன்?"

தையல்கடை மாஸ்டர் பதறினார். வங்கி அதிகாரி கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

என்றோ தவணையில் வாங்கிய மர அலமாரி. கடைசி இரண்டு தவணை நிலுவை. அந்தக் கடன் நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் கிளையை மூடிவிட்டுப் போனதில், மாஸ்டரும் மறந்துபோனார். வங்கிகள் பார்க்கும் கடன் அறிக்கை மறக்கவில்லை.

"இதைச் சரி பண்ணிட்டு வாங்க, பாக்கலாம்."

மாஸ்டர் வாடகைக்கு இருக்கும் கடை விலைக்கு வந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் அவர் வாங்காவிட்டால் பக்கத்துச் செருப்புக்கடைக்காரருக்குப் போய்விடும். அப்புறம் தையல் மிஷினோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தைத் தேடிப் பிடித்தார். "பாதி கட்டுங்க போதும், முடிச்சு விட்டுடறோம்" என்றார் அங்கிருந்த குமாஸ்தா. மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். அடுத்த அறிக்கையில் 'நிலுவை' போய், 'குறைத்துக் கட்டி முடித்த கடன்' என்று புதுத் தேதியோடு உட்கார்ந்திருந்தது.

"வெளுத்துப்போன கறைக்குப் புதுச் சாயம் ஏத்திட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

ரோஷத்தில் வேறு மூன்று வங்கிகளுக்கு மனுப் போட்டார். கடன் கிடைக்கவில்லை, கேட்டதெல்லாம் அறிக்கையில் ஏறி, கடன் மதிப்பெண் இன்னும் இறங்கியது.

"பள்ளிக்கூடத்துல கூட நான் இவ்வளவு கேவலமா வாங்கினதில்லடி."

"அதை உங்க அம்மாகிட்டதான் கேக்கணும்."

மீதிப் பாதியையும் கட்டினார். பிறகு அந்தப் பதிவை அழிக்கச் சொல்லி நிறுவனத்துக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, பொருள், பார்வை எல்லாம் போட்டு, 'தங்கள் உண்மையுள்ள' என்று முடியும் கடிதம். திங்கள்தோறும் ஒன்று. பதில் வராவிட்டால் வியாழக்கிழமை நினைவூட்டல்.

"எனக்கு இப்படி ஒண்ணாவது எழுதியிருக்கீங்களா?"

"உன்கிட்ட எனக்கு என்ன கறை இருக்கு, அழிக்கச் சொல்ல?"

அவள் சிரித்துவிட்டாள்.

கடைசியில் குமாஸ்தாவே தொலைபேசியில் வந்தார். "மாஸ்டர், உங்க கணக்கையே அடியோட தூக்கிட்டேன். இனிமே எழுதாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

கெடு முடிய ஒரு நாள். மாஸ்டர் இஸ்திரிச் சட்டையில் வங்கிக்குப் போனார். பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் இருந்த பெண் திரையை மேலும் கீழும் உருட்டினாள்.

"கடன் வாங்கிக் கட்டினதா ஒண்ணுமே இல்லையே சார்?"

"இல்லம்மா. ஒரு பொட்டுக் கறை கிடையாது!"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பழைய அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பாவமாக அவரைப் பார்த்தாள்.

"பாக்கியைக் கட்டின ரசீதோட வந்திருந்தா அன்னிக்கே குடுத்திருப்போம் சார், நீங்க ஒழுங்காக் கட்டுற ஆளுன்னு சொல்றதுக்கு இருந்ததே அந்த அலமாரி ஒண்ணுதான்!"