பல்லூடக உபகுழுவின் முதலாண்டுச் சாதனை

மருத்துவக் கல்வியின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: 2007ஆம் ஆண்டில் எங்கள் 'பல்லூடகக் கற்பித்தல் உபகுழு' தோன்றியதற்கு முன், தோன்றியதற்குப் பின். அதன் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன்.

தலைவர் பேராசிரியர் நமசிவாயம், கொழும்பு வெள்ளவத்தைவாசி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்ட பாட வீடியோக்களை எங்கள் தாதியியல் மாணவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்கென ஒரு கணினி அறைக்கு நாடா வெட்டினார். பிறகு, தூசு படும் என்று அறையைப் பூட்டித் திறப்பைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப வீடியோவை எங்க பாக்கிறது, சேர்?" என்று இரண்டாம் வருட மாணவி பிறிஜெற் கேட்டாள்.

"எங்கயும் பாக்கலாம், பிள்ளை. அதுதானே இதின்ர சிறப்பு."

பிறிஜெற் மட்டக்குளிக்காரி. சொன்னதைச் செய்கிறவள். கொட்டாஞ்சேனையில் நிலாமின் நெற் கபேயில் மூன்று பின்னேரம் உட்கார்ந்து, 'குண்டுவெடிப்புக் காயங்கள்: முதல் பத்து நிமிடம்' என்ற பாடத்தை இறக்கி ஒரு சீடியில் பதிந்தாள். மேலே தலைப்பை ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதினாள். யுத்த காலம்; வீடு போகும் வழியில் பொலிஸ் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். சீடியில் முதல் சொல்லை வாசித்ததுமே அவளை இறக்கிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை அவளுடைய தாய் மெற்றில்டா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

"பாடம் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ, சேர். பொலிஸில விட்டுடுவினம்."

"எழுதலாம், அம்மா. ஆனா அந்த வீடியோ எங்கடதில்லை," என்றார் பேராசிரியர். "அது முழு உலகத்துக்கும் சொந்தம். அதுக்கு ஆர் பொறுப்பெடுக்கிறது?"

மெற்றில்டா வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருக்க, 'அவசரக் கூட்டம்' மறுநாளுக்குக் கூட்டப்பட்டது. விரிவுரையாளர் ஒஸ்வால்ட் தலைப்பில்தான் பிழை என்று கண்டுபிடித்தார். நீண்ட விவாதத்தின்பின் 'குண்டுவெடிப்புக் காயங்கள்' என்பது 'திடீர்ச் சத்தத்தால் ஏற்படும் அசௌகரியங்கள்' என மாற்றப்பட்டது. கடித விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. தேநீரோடு மீன் பற்றீஸ் தந்தார்கள்.

மூன்றாம் நாள் பிறிஜெற் தானாகவே வந்து சேர்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"எப்பிடி விட்டவங்கள்?" என்று கேட்டேன்.

"அங்க இருந்த சார்ஜன்ட் சீடியைப் போட்டுப் பாத்தவர், சேர். முழுக்க, ரெண்டு தரம். இரத்தத்தை நிப்பாட்டக் கட்டுற இடம் வந்ததும் தன்ர காலில கட்டிக் காட்டச் சொன்னவர். அவற்ற மல்லி, அதான் தம்பி, ஆமியிலயாம். பிறகு தானும் கட்டிப் பழகினவர். 'போ நங்கி, போய்ப் படி' எண்டு தங்கச்சிக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லி விட்டுட்டார்." சற்று நின்று சொன்னாள்: "முதல் நாளே கடிதம் வந்திருந்தா அண்டைக்கே விட்டிருப்பாராம்."

ஆண்டறிக்கையில் இவ்வாறு பதிந்தேன்: 'திறந்த வளங்களால் செய்முறைப் பயிற்சியோடு பயனடைந்தோர்: இருவர்.' அதில் ஒருவர் பொலிஸ் என்பதைக் குறிப்பிடவில்லை. அறிக்கை கைதட்டலோடு ஏற்கப்பட்டது.

இன்னொன்றையும் குறிப்பிடவில்லை. மாணவருக்கு உறுதிக் கடிதம் வழங்கும் அதிகாரம், விதி நான்கின்படி, செயலாளருக்கு உண்டு. அந்த விதியை எழுதியவனே நான்தான். மெற்றில்டா வாங்கில் இருந்த நாட்களில் நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.