பிரதிநிதி ரத்தம்

பிரதிநிதித்துவம் என்றால் என்னவென்று உலகத்துக்கே கல்லில் வெட்டிச் சொன்ன ஊர் உத்திரமேரூர். குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்த அந்த மகத்தான தத்துவம் அதற்குப் பிறகு ஆயிரம் வருஷமாக அரைகுறையாகவே கிடந்தது. அதை ரத்தம் வரைக்கும் கொண்டுபோய் முழுமையாக்கிய பெருமை, பக்கத்துக் காவாந்தண்டலத்து ராஜாராமையே சேரும்.

ராஜாராம் நிலபுலன் உள்ளவர். எந்தக் காரியத்துக்கும் நேரில் போய் அதைச் சங்கடப்படுத்த மாட்டார். 'ஆள்' அனுப்புவார். ஆள் என்றால் ஐசக். அப்பா காலத்திலிருந்து அவர் நிலத்தில் வேலை செய்கிறவன். உரத்துக்கு வரிசையில் நிற்பவன் ஐசக். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ராஜாராமின் குறைகளைச் சொல்பவன் ஐசக். சாவு வீடுகளுக்கு மாலையோடு போய் ராஜாராம் சார்பில் அழுதுவிட்டு வருபவனும் அவனே. நன்றாகவும் அழுவான். போன வருஷம் ராஜாராம் திருத்தணிக்கு நேர்ந்துகொண்ட மொட்டையைக்கூட ஐசக்தான் போட்டுக்கொண்டு வந்தான். அவன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் என்பதை முருகன் பெரிதுபடுத்தவில்லை.

இப்பேர்ப்பட்டவருக்குக் குடலில் புற்றுநோய்க் கட்டி வந்தபோது, ஆபரேஷனுக்கு அவரே போய்ப் படுக்க வேண்டியதாயிற்று. அந்த அவமானம் ஆறுவதற்குள் டாக்டர் சோபியா இன்னொரு டெஸ்ட் எழுதினார்.

"உடம்புல ஆயிரக்கணக்குல ஜீன் இருக்குது. எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யாது. எது மும்முரமா வேலை செய்யுது, எது சும்மா இருக்குதுன்னு ரத்தத்துல பாத்தா, நோய் வேற எங்கியாவது பரவியிருக்கான்னு தெரியும். எந்த மருந்து கேக்கும்னும் தெரியும்."

ராஜாராம் ஆழ்ந்து யோசித்தார். ஊசியைக் கண்டால் அவருக்கு மயக்கம் வரும் என்பது இதில் சம்பந்தமே இல்லாத விஷயம். வீட்டுக்கு வந்ததும் மனைவி முனியம்மாளிடம் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்.

"வேல செய்யறது எது, சும்மா கீறது எதுன்னு பாக்கறாங்களாம். நம்ம வூட்ல வேல செய்யறது யாரு?"

"ஐசக்கு."

"அப்போ யாரு ரத்தம் குடுக்கணும்?"

இந்த விஞ்ஞானம் நிரூபணமானதும் முனியம்மாள் ஐசக்கைக் கூப்பிடப் போனாள்.

வாலாஜாபாத்தில் ரத்தம் எடுக்கும் இடத்துக்கு ராஜாராமும் ஐசக்கும் போனார்கள். யார் கேட்டாலும் 'ராஜாராம்' என்று சொல்லும்படி ஐசக்குக்கு வழியெல்லாம் பயிற்சி நடந்தது. ரத்தம் எடுக்கும் பெண் சுதா, 'ராஜாராம்' என்று கூப்பிட்டாள். ஐசக் இருமிக்கொண்டே எழுந்து போனான்.

"உக்காருங்க சார்."

ஐசக் நாற்காலியைப் பார்த்தான். பிறகு ராஜாராமைப் பார்த்தான். ராஜாராம் கண்ணால் உத்தரவு கொடுத்தார். அவர் எதிரில் ஐசக் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இந்த இருமல் எவ்ளோ நாளா இருக்குது சார்?"

"வயலுக்கு மருந்து அடிக்கிறதுலேர்ந்து கீதும்மா. எவ்ளோ நாளுன்னு அய்யாவத்தான் கேக்கணும்."

"எந்த அய்யா? அவரு யாரு?"

ராஜாராம் முந்திக்கொண்டார். "நான் கூட வந்த ஆளும்மா."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்குக் குப்பென்று வேர்த்தது. "அப்போ போய் சாருக்கு ஒரு ஜூஸ் வாங்கியாங்க" என்றாள் சுதா. மருத்துவ விஞ்ஞானத்துக்காக ராஜாராம் அதையும் செய்தார். டம்ளரை ஐசக்கிடம் அவரே நீட்டினார்.

முடிவு வந்ததும் டாக்டரே போன் செய்தார். "பரவியிருக்குது சார். ஒண்ணுதான் எனக்குப் புரியல. குடல்லேர்ந்து போன மாதிரி தெரியல, நுரையீரல்ல ஆரம்பிச்ச மாதிரி காட்டுது. பயப்படாதீங்க, எந்த மருந்து கேக்கும்னு தெரிஞ்சிடுச்சு. இந்த மாசமே ஆரம்பிச்சா பொழைச்சுக்கலாம். தள்ளிப்போட்டா என் கையில இல்ல."

ராஜாராம் அப்படியே சுவரோடு சரிந்தார். முனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள். தெரு கூடிவிட்டது. மகன் சுகுமாருக்குப் போன் போயிற்று. பொறுப்பான ஒருவர் பந்தல்காரர் நம்பரை இப்போதே எடுத்து வைப்பது நல்லது என்றார். கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லாரையும்விட நன்றாக அழுதவன் ஐசக். அழுகைக்கு நடுவில் இருமினான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான்.

அந்த இருமலைக் கேட்டதும் ராஜாராமுக்கு உயிர் திரும்பிவிட்டது. தெருவைக் கலைத்துவிட்டு மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

"அது என் ரத்தமே இல்ல. ஐசக்குது."

முனியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாடா. முருகா, வயித்துல பால வாத்தப்பா." முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்போ ஐசக்குக்கு?" என்றாள்.

"நடவு முடியட்டும். இப்போ சொன்னா பேஜாராயிடுவான்."

"டாக்டரம்மா இந்த மாசமேன்னுச்சே."

"அது ராஜாராமுக்குச் சொன்னது."

"சரி, உங்க ரத்தத்த எப்போ பாக்கறது?"

"எனுது இல்லன்னுதான் தெரிஞ்சிடுச்சே. இன்னும் இன்னா பாக்கறது?"

அதன் பிறகு டாக்டர் போன் செய்தபோதெல்லாம், ராஜாராம் வெளியூர் போயிருப்பதாக ராஜாராமே சொன்னார். கண்டம் தாண்டியதற்காக ஊருக்குச் சாப்பாடு போட்டார். திருத்தணிக்கு மறுபடியும் மொட்டை நேர்ந்துகொண்டார். ஐசக் போய்ச் செலுத்திவிட்டு, சந்தனம் காயாத தலையோடு வந்து வாசலில் நின்றான்.

"அய்யா, அன்னிக்கு ரத்தம் எடுத்தாங்களே, இன்னா சொன்னாங்க?"

"எனக்கு ஒண்ணும் இல்ல ஐசக்கு."

"ஸ்தோத்திரம். பயந்துகினே இருந்தேன் அய்யா. வூட்ல ஜெயம்மாளும் உங்களுக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கினு கீறா." சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு இருமி ஓய்ந்து, நாற்றங்கால் பக்கம் நடந்தான்.

எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பிய ராஜாராம், ஐசக்கின் இந்த ஸ்தோத்திரத்தை மட்டும் நேரிலேயே வாங்கிக்கொண்டார். நாஷ்டா முடித்து, சாய்வு நாற்காலியில் நிம்மதியாகக் கால் நீட்டினார். ஒரே ஒரு விஷயம்தான் அவர் மனசை அரித்தது. நடவு எப்படியும் முடிந்துவிடும். அதற்கப்புறம் ஐசக் வீட்டுச் சாவுக்கு, மாலையோடு யாரை அனுப்புவது?