நடக்க மறுத்த தசமப் புள்ளி

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்ததை எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். தசமப் புள்ளிக்குக் கால் முளைக்க வைத்த எங்கள் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. ஆகவே கண்ணுகளா, நான் பேசுகிறேன்.

ஐந்தாம் வகுப்புக்கு மேலிடத்துக் கட்டளை வந்தது: "விளையாட்டின் மூலம் தசமம்." கணக்குப் படிப்பிக்கும் பத்மநாதன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், கட்டளை எதற்கும் குறுக்கே நிற்காதவர். பிள்ளைகளின் கழுத்தில் ஆளுக்கொரு இலக்க அட்டை தொங்கியது. வகுப்பிலேயே குள்ளமான ஜெசிந்தினிக்கு மட்டும் அட்டை இல்லை. கிழிந்த குடைத் துணியில் தைத்த கறுப்புத் தொப்பி. அவள்தான் புள்ளி. சேர் ஓர் எண்ணைச் சொன்னதும் இலக்கங்கள் வரிசையில் நிற்கும். சரியான இடுக்கில் ஓடிப்போய்க் குந்துவது அவள் வேலை.

"நான் எப்ப சேர் நம்பராவேன்? பூச்சியமா வேணா நிக்கிறேனே!"

"புள்ளிதான் பிள்ளை முக்கியம். நீ இல்லாட்டி எல்லாம் பிழையாப் போகும்."

எங்கள் புகழ் பதுளைவரை பரவியது. அங்கே ஒரு மண்டபத்தில் "தசமத் திருவிழா". வேனில் போனோம்: நான்கு இலக்கங்கள், ஒரு புள்ளி, பத்மநாதன் சேர், பெற்றோர் சார்பில் நான்.

மத்தியானம் ஏற்பாட்டு அதிகாரி சோற்றுப் பார்சல் கொடுத்தார். குழுவுக்கு நான்கு.

"இந்தப் பிள்ளை யார்? குழு என்றால் நாலு இலக்கம்தானே?"

"இவ தசமப் புள்ளி, சேர்" என்றேன் நான்.

அதிகாரி ஆழ்ந்து யோசித்தார். "அப்படியென்றால் இவர் கற்பித்தல் உபகரணம். உபகரணங்களுக்கு உணவு ஒதுக்கப்படவில்லை."

என்ன தெளிவு! கரும்பலகை எங்கேயாவது சோறு கேட்டிருக்கிறதா? பத்மநாதன் சேரும் "ஓம் சேர்" என்று தலையாட்டினார்.

ஏழு என்ற அட்டை தொங்கிய றுஷாந்தன்தான் கணக்குப் போட்டான். "நாலு பார்சல், அஞ்சு பேரு. ஆளுக்கு பூச்சியம் தசம் எட்டு. ஏய் புள்ளி, வாடி இங்கிட்டு!"

நால்வரும் அள்ளி வைத்தார்கள். ஜெசிந்தினி சாப்பிட்டாள், கண் மட்டும் அதிகாரிகளின் மேசையில் குவிந்திருந்த பார்சல்களில் இருந்தது.

பிற்பகல் இறுதிப் போட்டி. "இரண்டு தசம் ஏழு ஐந்து!" இலக்கங்கள் பாய்ந்து நின்றன. ஜெசிந்தினி நாற்காலியை விட்டு அசையவில்லை.

"புள்ளி எங்கே? ஓடி வா!" என்றார் அதிகாரி.

"நான் உபகரணமுங்க சேர். உபகரணம் தானா நடக்குமா? தூக்கிட்டுப் போயி வைங்க."

மண்டபம் குலுங்கியது. பத்மநாதன் சேர் தன் சப்பாத்தைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்: "மேடையில உபகரணங்களை வைக்கிறது ஏற்பாட்டாளரின்ர பொறுப்பு எண்டு விதியில கிடக்கு, சேர்."

விதியாயிற்றே! அதிகாரி கழுத்துப்பட்டி ஆட, புள்ளியைத் தூக்கி வைத்தார். அடுத்தது ஏழு தசம் இரண்டு, மறுபடி தூக்கினார். மூன்றாவது எண்ணில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒலிவாங்கியைப் பிடித்து அறிவித்தார்: "இத்தால் இவர் மாணவியாகக் கருதப்படுகிறார்!"

அவளை உயிருள்ள பிள்ளையாக்குவது பெற்றவள் பத்து வருடத்துக்கு முன்பே முடித்துவிட்ட காரியம். இருந்தாலும் அலுவலகமும் ஒத்துக்கொண்டதே, என்ன பெருந்தன்மை! அதன்பிறகு புள்ளி பறந்தது. கோப்பையும் எங்களுக்கே வந்தது.

கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டாள்: "அப்ப என் பார்சலு, சேர்?"

அதிகாரி தம் மேசையைத் திரும்பிப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். வெறும் தாள்கள், கோழி எலும்புகள். நான்கு அதிகாரிகள், எட்டுப் பார்சல்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தசமம் எப்படி இத்தனை சுலபமாக வருகிறது என்று அன்றுதான் விளங்கியது, கண்ணுகளா. முழு எண்களை எல்லாம் அந்த மேசையே தின்றுவிடுகிறது.