பேரியம் மேடமும் ஐந்தாவது நட்சத்திரமும்

பேரியம் மேடத்தைப் பார்த்து அதிர்ச்சி அடையாத மனிதர் பெங்களூரில் யாராவது இருந்தால், அவர் மேடத்தை இன்னும் பார்க்கவில்லை என்று பொருள்.

எங்கள் வானியல் நிலையத்தில் அவர் மூத்த விஞ்ஞானி. என் ஆராய்ச்சி வழிகாட்டி. கூட்டமாகப் பிறந்த ராட்சத நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து, இரும்பு எவ்வளவு, பேரியம் எவ்வளவு என்று சொல்வது அவர் தொழில். ஒரே வாயு மேகத்தில் பிறந்தவை என்பதால் எல்லாவற்றிலும் ஒரே சரக்குதான் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தை அவர் நட்சத்திரங்களோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நான் சேர வந்த அன்று, மதிப்பெண்ணைக் கேட்காமல் அண்ணன், தங்கை போட்டோவைக் கேட்டார். எங்கள் மூன்று மூக்குகளையும் ஒப்பிட்டுவிட்டு, நாளையே வந்து சேரச் சொன்னார்.

காக்ஸ் டவுனில் அவருடைய அக்கா மகள் கல்யாண விருந்து. சமையல்கார பாய் தேக்சா அண்டாவைத் திறந்ததும், மேடம் பட்டுப்புடவையோடு வரிசையை முந்திப் போய் பிரியாணியை மேலிருந்து ஒரு வாய், நடுவிலிருந்து ஒரு வாய், அடியிலிருந்து ஒரு வாய் எடுத்துத் தின்று பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் உறைந்து நின்றார்கள்.

"பாய், மேல ஒரு உப்பு, அடியில ஒரு உப்பு. நட்சத்திரமே ஊதிப் பெருசானா உள்ள இருக்கறத கலக்கி மேல கொண்டு வருது. உங்க கரண்டிக்கு என்ன வந்துச்சு?"

அன்றிலிருந்து பாய் காக்ஸ் டவுன் ஆர்டரே எடுப்பதில்லை என்று கேள்வி.

என் தலையில் இடி விழுந்தது ஆராய்ச்சி முடியும் நேரத்தில். நான் ஆராய்ந்த கூட்டத்தில் ஐந்து ராட்சதர்கள். நான்கும் அச்சு அசல் ஒன்று. ஐந்தாவதில் மட்டும் பேரியம் கொட்டிக் கிடந்தது. அது ஓடும் வேகமும் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. அது இந்தக் கூட்டமே இல்லை, வழியில் நிற்கும் யாரோ, அதை எடுத்துவிட்டு ஆய்வேட்டைக் கொடுத்துவிடு என்றார் ஆய்வுக் குழுக் கூட்டத்தில் அதன் தலைவர். எங்கள் வீடு இருக்கும் நீலசந்திராவில் அம்மா, மகன் டாக்டர் ஆகிவிட்டான் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தாள். நான் வேகமாகத் தலையாட்டினேன்.

மேடம் எழுந்தார். "அத எடுத்தா நான் கையெழுத்து போட மாட்டேன்."

சொந்த வழிகாட்டியே! தலைவரின் வாய்க்குப் போன காபி பாதி வழியில் நின்றது.

"ஒரு நாள் பஸ்ஸுக்கு ஓடறவன பாத்துட்டு, இது எங்க வீட்டு நடையே இல்லன்னு தொரத்திடுவீங்களா சார்? கண்ணுக்குத் தெரியாத ஜோடி ஒண்ணு அத இழுத்து சுத்துதோ என்னவோ. திரும்பத் திரும்ப பாக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மேடம் எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார். பட்டம் தள்ளிப்போகும், தான்தான் காரணம், திட்டுவதானால் தன்னையே திட்டலாம் என்றார். அம்மா தாராளமாகத் திட்டினாள். தமிழ் போதாமல் கன்னடத்திலும் திட்டினாள். மேடம் முழுவதையும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். எனக்குத்தான் எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

பருவம் மாற மாற அளந்தோம். வேகம் ஏறியது, பிறகு இறங்கியது. சராசரி பார்த்தால் மற்ற நான்கின் வேகமேதான். ஐந்தாவதும் கூடப் பிறந்ததேதான். அதன் ஜோடி அணைந்து போகும் முன் தன் பேரியத்தை இதன்மேல் கொட்டியிருக்கிறது. அணைந்த பிறகும் இதை விடாமல் சுற்றுகிறது.

மேடத்தின் அறைக்கு ஓடினேன். அவர் கணக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு என் போனை வாங்கி அம்மாவை அழைத்தார்.

"அம்மா, எல்லாம் சரியாயிடுச்சு. உங்க பையன் டாக்டர்தான். நான் தப்பாயிருந்தா உங்க மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு இத்தன நாளும் தூக்கமே இல்லம்மா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை என்னிடம் நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தந்த அதிர்ச்சிகளிலேயே பெரியது இதுதான். பயமென்றால் என்னவென்றே தெரியாதவர் என்று நாங்கள் நினைத்த பெண்மணி, எங்களுக்காக இவ்வளவு நாளும் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

"அழறாங்களாடா?" என்றாள் போனில் அம்மா. "பாவம்டா. நீ எதுக்கு நின்னுட்டிருக்க? கொஞ்ச நேரம் அவங்க கூட உக்காரு."

உட்கார்ந்தேன். எழுந்து போக மனமே வரவில்லை.