துண்டுக்காரரின் பரீட்சைப் பள்ளிக்கூடம்

சேலம் ஜில்லாவில் துண்டுக்காரரைப் போல ஒரு முன்கோபி அதற்கு முன் பிறந்ததில்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. கோழி கூவுவதற்குள் நான்கு பேரிடம் சண்டை போட்டுவிடுவார். ஐந்தாவது ஆள் கிடைக்காவிட்டால் கோழியிடமே போடுவார்.

ஜேடர்பாளையத்துப் பக்கம் எங்கள் ஊரில் அவர் மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஒரு விரல் என்றால் ஒன்று, முழுக்கை என்றால் ஐந்து. குளிக்கும்போதுகூட அந்தத் துண்டு அவர் தோளில் இருக்கும் என்பார்கள். பெயர் அப்படி வந்ததுதான்.

முப்பதுகளில், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, சேலத்துப் பெண்கள் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. எங்கள் பக்கத்தில் பிறவியிலேயே கெட்டிக்காரியான ஒருத்திக்கு விடுதிச் சாப்பாட்டோடு இலவசப் படிப்பு. இன்ஸ்பெக்டரம்மா நேரில் வந்து பரீட்சை வைப்பார். கடைசியில் ஒரு வரி: பிள்ளைகளை முன்கூட்டிப் பழக்கி அனுப்பக் கூடாது, இயற்கையான அறிவுதான் வேண்டும்.

ஊர் வாத்தியாரான என் அப்பா அதைப் படித்துக் காட்டியதுதான் தாமதம், துண்டுக்காரர் குதித்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, காளையைக் கழுவாம, கொம்பு சீவாம, பருத்திக்கொட்டை வெக்காம எவனாச்சும் சந்தைக்கு ஓட்டுவானுங்களா?"

"இது மாடில்லீங்க, புள்ளைங்க அறிவு."

"அறிவுக்குத் தீனி வேண்டாமுங்களா?"

அவருடைய கோபத்துக்குக் காரணம் பாவாயி. அவர் தொழுவத்தில் வேலை செய்தவளின் மகள், என் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பேசவே மாட்டாள், ஆனால் மந்தை கடந்து போவதற்குள் எத்தனை மாடு, எத்தனை கன்று என்று கணக்கு வைத்திருப்பாள். சேலம் கிடைக்காவிட்டால் அடுத்த மாதமே அம்மாவோடு சாணி அள்ளப் போக வேண்டியவள்.

மனிதர் பள்ளிபாளையம் வரை நடந்துபோய், போன வருஷம் பரீட்சை எழுதிய பெண்ணிடம் கேள்விகளைக் கேட்டு வந்தார். மறுநாள் காலையே தொழுவத்தில் எட்டுப் பெண்களை உட்கார வைத்துவிட்டார். ஒருத்தி விடை சொன்னால் மற்றவள் காப்பியடிப்பாள் அல்லவா? அதனால் சந்தை முறைதான். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விடை சொல்ல வேண்டும். தப்பென்றால் விரலுக்கு ஒரு முறுக்கு.

"வாயைத் தொறந்தீங்க, தொலைச்சுப்போடுவேன்!"

இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாளிலிருந்து என் விரல்களைக் காப்பாற்றிக்கொண்டு காவிரிக்கரையில் திரிந்தேன். பாவாயிக்கு மட்டும் ஒரு முறுக்குகூட விழவில்லை.

ஒரு மாதம் கழித்து இன்ஸ்பெக்டரம்மா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முதல் பெயர் பாவாயி.

"தொழுவத்துல ஆளும் மாடும் சேர்ந்து அஞ்சு தலை, பதினாறு கால். மாடு எத்தனை, சொல்லு பார்க்கலாம்?"

பாவாயி எழுந்தாள். உதட்டை இறுக மூடிக்கொண்டு நேரே போனாள். அந்த அம்மாளின் பட்டு முந்தானையை இழுத்துக் கைமேல் போட்டு, உள்ளே மூன்று விரலைக் கெட்டியாகப் பிடித்தாள். இன்ஸ்பெக்டரம்மா போட்ட கூச்சலில் வெளியே கட்டியிருந்த மாடு அறுத்துக்கொண்டு ஓடியது.

"என்ன இது! யார் இப்படிப் பழக்கினது?"

ஜன்னலுக்கு வெளியே துண்டுக்காரர். "மூணுங்கம்மா! சரியாத்தானே சொல்லிப்போட்டா!"

"பழக்கின பிள்ளைகளை எடுக்க முடியாது."

"நீங்க பேசற இங்கிலீசு பொறக்கையிலயே வந்துதுங்களா? எங்க புள்ளைங்க பழகுனா மட்டும் குத்தமுங்களா?"

மற்ற ஆறு பேரும் கையை நீட்டிக்கொண்டு வாயை மூடி நின்றார்கள். கடைசியில் நான். இரண்டு கேள்விக்குத் தப்பாகச் சொன்னேன், ஆனால் சத்தமாகச் சொன்னேன். "இவளுக்குத்தான் இயற்கையான அறிவு" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. நான் வாத்தியார் மகள். வாய்ப்பாடும் விடுகதையும் சோற்றோடு ஊட்டி வளர்க்கப்பட்டவள். அதற்குப் பெயர் இயற்கையாம். பாவாயி ஒரு மாதம் தொழுவத்தில் உட்கார்ந்தால் அது மோசடியாம். பரீட்சைக்குப் பிள்ளைகளைப் பழக்கலாமா கூடாதா என்று இன்றைக்கும் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். பழக்காத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்! துண்டுக்காரர் மேலும் எனக்கு ஆத்திரம்தான். ஒரே ஒரு நாள் அவளை வாய் திறக்கப் பழக்கியிருக்கக் கூடாதா? அதைவிட ஆத்திரம் என்மேல். இதையெல்லாம் அன்றே அந்த அம்மாளிடம் நான் சொல்லவில்லை.

நான் சேலத்துக்குக் கிளம்பிய காலையில் துண்டுக்காரர் எங்கள் வண்டியை மறித்தார். திட்டப்போகிறார் என்று குனிந்துகொண்டேன்.

"அம்முணி, ரெண்டு பேத்துக்குப் படிக்கோணும். லீவுக்கு வாரப்ப பொஸ்தகம் ஒண்ணு உடாம கொண்டா."

ஒவ்வொரு லீவுக்கும் நான் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதற்குள் ஊர் எல்லையிலேயே புத்தகங்களைப் பிடுங்கிப் பாவாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் படிப்பாள். லீவு முடிந்து திரும்பத் தரும்போது, "இந்தக் கணக்கை அவ போட்டுட்டா, உனக்கு இன்னும் வரலியா?" என்று எனக்கு வசவு விழும்.

அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "இதைச் சொல்ற நேரத்துல ரெண்டு கணக்குப் போட்டிருக்கலாமே" என்றிருப்பார்.